22 தீர்த்தத்து ஈரமும் எங்க வீட்டு மாடியும்

ராமேஸ்வரம் வர்றவங்க தங்குறதுக்கு எங்க வீட்டு மாடியை நாள் வாடகைக்கு விடுறேன். மொத மொத வந்த கெஸ்ட்டுக்கு மறுநாள் மத்தியானம் டீ குடுக்கலாம்னு மாடிக்குப் போறேன், கதவைத் திறந்தாங்க, பாத்தா சீலிங் ஃபேன் றெக்கை மூணுலயும் ஆளுக்கொரு ஈர வேட்டி தொங்குது, ஃபேனு ஒண்ணாம் நம்பர்ல மெதுவா சுத்திக்கிட்டு இருக்கு. பெரியவர் ஒருத்தரு கட்டில்ல உக்காந்து அதையே பாத்துட்டு இருக்காரு. என்னையப் பாத்ததும் "சீக்கிரம் காஞ்சிரும் தம்பி"ங்குறாரு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு, அன்னைக்கு ராத்திரிதான் வயித்தெரிச்சல் வந்துச்சு, ஏன்னா ஒரு றெக்கை வளைஞ்சு ஃபேன் ஆட ஆரம்பிச்சுருச்சு, வார்ட்ரோப் கதவுல சேலையைப் போட்டிருந்ததுல பிளைவுட் கீழ்ப்பக்கம் பொரிஞ்சு போச்சு, பால்கனி கிரில்லுல போட்ட வெள்ளைத் துண்டுல துருக்கோடு விழுந்து அதுக்கு அவங்க என்கிட்ட கோவிச்சுக்கிட்டாங்க.

ஆனா அவங்க மேல என்ன தப்பு இருக்கு. ராமேஸ்வரத்துக்கு வர்றவங்க அக்னி தீர்த்தத்துல கடல்ல முங்கிட்டு, அந்த ஈரத்தோட கோயிலுக்குள்ள போயி 22 தீர்த்தத்துலயும் வாளித் தண்ணியை ஊத்திக்கிட்டு, அதுக்கப்புறம் காஞ்ச துணி மாத்திக்கிட்டுதான் சாமி பாக்கப் போவாங்க. ஈரத்துணியோட சன்னதிக்கு விடமாட்டாங்க. ஆறு பேர் வந்தா ஆறு பேர் துணியும் சொட்டச் சொட்ட பிளாஸ்டிக் கவர்ல வீட்டுக்குத்தான் வரும், அதுல கடல் உப்பும் இருக்கும் மணலும் இருக்கும். நான் பொறந்து வளந்தது இந்தத் தீவுல, இது எனக்குத் தெரியாதா என்ன, தெரியும். ஆனா மாடியை ரெடி பண்றப்ப என் புத்தி பூரா ஹால் சுவத்துல அலை மாதிரி பெயின்ட் அடிக்கிறதுலயும் மஞ்சள் சீரியல் லைட்டு தொங்கவிடுறதுலயும் இருந்துச்சு, அதுக்கு மட்டும் 18,000 ரூவா. துணி காயப்போட ஒரு கொடி கட்டல.

இது எங்க வீடு தங்கச்சிமடத்துல. அப்பா போட்டுல போயி சம்பாரிச்ச காசுல 2009ல மாடி எழுப்புனாரு, ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால், சின்ன அடுப்படி. எட்டு வருசம் ஒரு டீச்சர் குடும்பம் இருந்தாங்க, 6,500 வாடகை, மாத்தலாகி பரமக்குடி போயிட்டாங்க. நான் மண்டபத்துல ஐஸ் பிளான்ட்ல எலக்ட்ரீஷியனா இருந்தவன், வயரிங் எனக்குக் கைவந்த வேலை, மத்த வேலையெல்லாம் கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கிட்டதுதான். 2023 ஜூன்ல ஆரம்பிச்சு 2024 தை அமாவாசைக்கு மொத கெஸ்ட் வந்தாங்க. இதே மாதிரி நம்ம கடக்கரைப் பக்கம் வீடு வச்சிருக்கவங்க கேக்குறாங்க, அதான் நோட்டுல எழுதி வச்சிருந்ததை எடுத்து இங்க போடுறேன்.

மொத வேலையே நான் நினைக்காத வேலை. பெயின்ட் அடிக்கிறதுக்கு வடக்குப் பக்க சன்ஷேடைச் சுரண்டுறப்ப ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பாளம் கையோட வந்துருச்சு. உள்ள பாத்தா கம்பி. போட்டது 8 எம்எம், வெர்னியர் வச்சு அளந்தா பரவால்லாம இருக்குற எடத்துலயே 5 தான் நிக்குது, மோசமான எடத்துல அப்பளம் மாதிரி ஏடு ஏடா உரியுது. எங்க கொத்தனார் மாமா வந்து எதுவும் பேசல, சுத்தியலை எடுத்து சன்ஷேடு நெடுக தட்டிக்கிட்டே போனாரு. டங்குன்னு கேட்டா நல்லது, டொப்புன்னு கேட்டா உள்ள கழண்டு நிக்குதுன்னு அர்த்தம். அஞ்சடி நீளத்துக்கு டொப்பு. அப்புறம் அப்பாவைத் திரும்பிப் பாத்து "கலவைக்கு எந்தத் தண்ணி ஊத்துனீக?"ன்னாரு. அப்பா தலையைச் சொரிஞ்சாரு. போர் தண்ணிதான், அதுவும் உப்பு.

கலவையில உப்பு இருந்தாலும் சரி, வெளிய இருந்து காத்துல வந்து இறங்குனாலும் சரி, கம்பிக்கு மேல சிமென்ட் போட்டுவிடுற காப்பை அது அரிச்சுருது. இரும்பு துருவா மாறுறப்ப பருத்து ரெண்டு மூணு மடங்கு எடம் கேக்கும், அது உள்ள இருந்து தள்ள மேல இருக்குற கான்கிரீட் பொளந்துக்கும். மேல பூசி பெயின்ட் அடிச்சா ஒரு வாடைக் காத்துக்குத் தாங்கும், அடுத்ததுல கெஸ்ட் தலையில விழும்.

நாங்க செஞ்சது இதுதான். கம்பிக்குப் பின்னாடி ஒரு விரல் போற வரைக்கும் கொத்தி எடுத்தோம், முன்பக்கம் மட்டும் கொத்திட்டு விட்டா பிரயோஜனம் இல்ல. கம்பி பிரஷ் போட்டு பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ச்சோம், தேய்ஞ்சு போன கம்பிக்குப் பக்கத்துல புதுசு வச்சு ஒன்னேகால் அடி ஓவர்லேப் விட்டுக் கட்டுனோம், ஜிங்க் பிரைமர் ரெண்டு கை. அப்புறம் லேட்டக்ஸ் பால்ல, அதாவது பழைய கான்கிரீட்டுல புதுக் கலவை ஒட்டுறதுக்கு டப்பாவுல விக்கிற பால்ல, சிமென்டைக் குழைச்சு பிரஷ்ல தடவி, அது ஒட்டுற பதத்துல இருக்கறப்பவே 1:3 கலவையை அதே பாலு ஊத்திப் பிசைஞ்சு அமுக்கி அடிக்கணும். இங்கதான் நான் கோட்டை விட்டேன். பாலைத் தடவிட்டு சோறு தின்னப் போயிட்டேன், மாமா அன்னைக்கு வரல, நானே வீராப்பா செஞ்ச எடம் அது. திரும்பி வரும்போது காஞ்சுருச்சு, சரி போவுதுன்னு மேல அடிச்சேன். நாலாம் நாள் முழுசா ஒரு துண்டா கழண்டு வந்துச்சு, பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. காஞ்ச பாலு பிடிமானம் குடுக்காது, அதுவே கழட்டிவிட்டுரும். மறுபடி கொத்தி, மறுபடி தடவி, ஈரச் சாக்கைச் சுத்தி ஏழு நாள் நல்ல தண்ணி ஊத்துனோம். போர் தண்ணி பக்கமே போகல.

நல்ல தண்ணின்னு சொன்னேன்ல, அதைப் பத்தி ஒரு கதை இருக்கு. தங்கச்சிமடத்துல மேலாகத் தோண்டுனா நல்ல தண்ணி, அதுனாலதான் இங்க மல்லி நாத்துப் போட்டு ஊரூரா அனுப்புறாங்க. மழைத் தண்ணி மணல்ல இறங்கி, கீழ இருக்குற உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்குது. மட்டம் கடலைவிட ஒரு அடி உசரமா நின்னா கீழ நாப்பது அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு உண்டு, அதாவது மேல ஒரு அடி இறக்கிட்டா கீழ நாப்பதடி போச்சு. எங்க கேணி பன்னெண்டு அடி, தண்ணியில கரைஞ்சிருக்குற உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர் வச்சா 480. அப்பா மாடி கட்டறப்ப ஆசைப்பட்டு 60 அடி போர் போட்டாரு, அது 2,900. குளிச்சா தலை சிக்குப் பிடிக்கும், சோப்பு நுரைக்காது, கீசர் காயில் ஆறு மாசத்துல சுண்ணாம்புக் கட்டியா மாறிடும்.

சரி கேணித் தண்ணியே மாடிக்கு ஏத்துவோம்னு ஒரு எச்பி மோட்டார் வச்சு ஒரே தம்முல டேங்க்கை ரொப்புனேன். சித்திரையில பத்து நாள் தொடர்ந்து கெஸ்ட், ரெண்டு வேளையும் ரொப்புனேன், மீட்டர் 480ல இருந்து 1,100க்கு ஏறிருச்சு. இழுக்குற இழுப்புல கீழ இருக்குற உப்பு கூம்பு மாதிரி மேல எழும்பி வந்துருது. அப்புறம் அரை எச்பிக்கு மாறி, டைமர் போட்டு, இருபது நிமிசம் ஓடுனா ரெண்டு மணி நேரம் சும்மா நிக்கிற மாதிரி செட் பண்ணி, கீழ தொட்டியில சேத்து அங்கேருந்து மாடிக்கு ஏத்துறேன். மழைக்கப்புறம் மறுபடி 500 பக்கம் வந்துச்சு. ஃப்ளஷ் டேங்க்குக்கும் மாடிப்படி கழுவுறதுக்கும் மட்டும் போர் தண்ணி, அதுக்கு தனி பைப்பு, நீலப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன். குடிக்க கேன் தண்ணிதான்.

கரன்ட் பத்தி ரெண்டு வார்த்தை. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மாடிக்கு தனி மீட்டர் வாங்கி கமர்சியல், அதாவது டேரிஃப் அஞ்சுக்கு மாத்திட்டேன். வீட்டு லைன்ல 100 யூனிட் ஃப்ரீ இருக்கே, அதுலயே ஓட்டலாமேன்னு சொல்ற ஆளுக உண்டு, ஆனா பிடிச்சா தீட்டிருவாங்க, அதுவும் ஆன்லைன்ல போட்டோ போட்டு ஊருக்கே விளம்பரம் பண்ணிட்டு வீட்டு லைன்ல ஓட்டுறது கூமுட்டைத்தனம். அப்புறம் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி, கரன்ட் லீக் ஆனா உடனே லைனைக் கட் பண்ற சுவிட்சு. இது இல்லாம ஈரக்கையோட ஆள் வர்ற வீட்டை விடாதீங்க. எனக்கு அது ராத்திரி ராத்திரி ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சு, ஆர்சிசிபி தான் மக்கர்னு நினைச்சு புதுசு வாங்கிட்டேன், புதுசும் ட்ரிப் ஆகுது. ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தா கீசர் காயில் வெடிச்சு தண்ணிக்குள்ள கரன்ட் லீக் ஆகிட்டு இருந்திருக்கு. பாத்ரூம்ல ஆள் நிக்கிறப்ப. அதை நினைச்சா இப்பவும் கை நடுங்கும். காயில் மாத்துறப்ப உள்ள மக்னீசியம் ராடு ஒண்ணு இருக்கும், பென்சில் மாதிரி கரைஞ்சிருந்தா அதையும் மாத்திருங்க, டேங்க்குக்குப் பதிலா அரிபடுறதுதான் அதுக்கு வேலையே.

ஏசி. மொத ஏசி 14 மாசத்துல கேஸ் போச்சு, அவுட்டோர் யூனிட்டை வடக்குப் பக்கம் வாடைக்கு நேரா மாட்டியிருந்தேன். மெக்கானிக் தம்பி அதோட ஃபின்னுல, அந்த மெல்லிசு தகடுல, விரலை வச்சாரு, பிஸ்கட் மாதிரி உதிருது. காத்து படாத மறைவான பக்கமா மாத்துங்கண்ணேன்னாரு. நல்ல யோசனைதான், தீவுல மறைவு எங்க இருக்கு, ஐப்பசியில இருந்து வடக்க இருந்து வாடை, வைகாசி வந்துட்டா மேக்க இருந்து கச்சான், நடுவுல கெழக்க இருந்து கொண்டல். கடைசியில மாடிப்படி ஹெட்ரூம் பக்கம் ஸ்டாண்டு அடிச்சு, பின்னாடி ஒரு அடி எடம் விட்டு மாட்டுனேன், காப்பர் காயில், கோட்டிங் உள்ளது. ஸ்டாண்டு போல்ட்டு எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு. 304ன்னு ஒரு எஸ்எஸ் இருக்கு, அதையும் துருப்பிடிக்காதுன்னு சொல்லித்தான் விப்பாங்க, நம்ம கடக்கரையில ரெண்டு மாசத்துல டீக்கறை மாதிரி பிரவுன் ஓடும். 316ல மாலிப்டினம் சேர்த்திருப்பாங்க, விலை கூடுதல்தான், போல்ட்டுக்கும் கதவுக் கீலுக்கும் மட்டுமாவது வாங்கிருங்க. இப்போ பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா மெயினை ஆஃப் பண்ணிட்டு கேணித் தண்ணியை மெல்லமா ஊத்தி ஃபின்னைக் கழுவுறேன். ரெண்டாவது ஏசி இன்னும் ஓடுது, தொட்டுக்கிறேன் கட்டையை.

அப்புறம் அந்த டிஜிட்டல் பூட்டு. நம்பர் அமுக்குனா திறக்கும், கெஸ்ட் எந்நேரம் வந்தாலும் நாம எந்திரிக்க வேணாம்னு வாங்குனது, 7,200 ரூவா. கார்த்திகையில ஒரு நாள் விடியக்காலம் நாலரைக்கு நெல்லூர்ல இருந்து ஒரு குடும்பம், கூட எம்பது வயசுப் பாட்டி, கதவு முன்னாடி நின்னுக்கிட்டு நம்பர் போட்டுப் போட்டுப் பாக்குறாங்க, ம்ஹூம். நான் போயி அமுக்குனேன், எனக்கும் திறக்கல. பாட்டியைக் கீழ அம்மா கட்டில்ல படுக்க வச்சுட்டு, நான் பால்கனி வழியா ஏறி உள்ள குதிச்சுத் திறந்தேன். மறுநாள் பூட்டைப் பிரிச்சா பேட்டரி முனை ரெண்டும் பச்சை பூத்துக் கிடக்கு. இப்போ பித்தளை லீவர் பூட்டு, சாவி அம்மாகிட்ட, வாசல்ல ஒரு பெல்லு. பூட்டுக்கு எண்ணெய் விடாதீங்க, எண்ணெயில மணல் ஒட்டி உள்ள மாவாட்டும், பென்சில் முனையைச் சீவி பொடியா உள்ள ஊதிவிட்டா போதும். அம்மா எப்படியும் நாலு மணிக்கு எந்திரிக்கிறவங்க. "எலக்ட்ரிக் பூட்டுக்கு குடுத்த காசை எனக்குக் குடுத்திருக்கலாம்ல"ன்னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க.

விடியக்காலம் ஆளு வர்றது இங்க தவிர்க்க முடியாது. அஞ்சு மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், அதுக்குப் போறவங்க நாலு மணிக்கே கெளம்பணும். பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயிலை நிப்பாட்டுனதுக்கப்புறம் ரெண்டு வருசத்துக்கு மேல மண்டபத்தோட நின்னுச்சு, அப்ப எல்லாரும் கார், வேன்தான். 2025 ஏப்ரல் 6ல புதுப்பாலம் திறந்ததும் சென்னை ரயில்ல வர்ற கூட்டம் விடியக்காலமே தீவுக்குள்ள இறங்க ஆரம்பிச்சுருச்சு. மத்தியானம் 12 மணிக்குத்தான் செக் இன்னு சொன்னா அவங்க எங்க போவாங்க? கீழ கார் ஷெட்டை ஒட்டி பழைய வலை போட்டு வச்சிருந்த ரூமை சுத்தம் பண்ணி, ஒரு பாத்ரூம், ரெண்டு கட்டில், ஃபேன், பை வைக்க ஒரு ரேக்கு போட்டுட்டேன். சீக்கிரம் வர்றவங்க அங்க குளிச்சு மாத்திட்டு கோயிலுக்குப் போயிருவாங்க, நாங்க மாடியை சாவகாசமா கழுவுவோம். ராத்திரி அதே ரூம் டிரைவருக்கு. மதுரையில இருந்து வண்டி ஓட்டிட்டு வர்ற டிரைவர் காருக்குள்ளயே கண்ணாடியை இறக்கிவிட்டு கொசுக்கடியில படுக்குறதை எத்தனை நாள் பாத்திருப்பேன். இப்போ எனக்கு வர்ற புக்கிங்ல பாதிக்கு மேல டிரைவர் அண்ணன்மாரு சொல்லி வர்றதுதான், அந்த ரூமுக்கு ஆன செலவு 38,000, ஹால்ல அடிச்ச அலைப் பெயின்ட்டைப் பாத்து ஒருத்தரும் வரல.

இப்ப ஈரத்துணிக்கு வர்றேன், இதுலதான் நான் ரொம்ப மெனக்கெட்டேன். மொட்டைமாடியில மொதல்ல ஜிஐ பைப் நட்டு கம்பி கட்டுனேன், கம்பி துருவேறி துணியில கோடு. அடுத்து நைலான் கயிறும் கிளிப்பும், கிளிப்புக்குள்ள இருக்குற ஸ்பிரிங் துருப்பிடிச்சு ஒருத்தரோட பட்டு வேட்டியில பொட்டுப் பொட்டா கறை. அப்பா ரெண்டு நாள் பாத்தாரு, மூணாம் நாள் சவுக்குக் கம்பு நாலு வாங்கிட்டு வந்து நட்டாரு, போட்டுல கட்டுற பச்சைக் கயிறை எடுத்து ரெண்டா மடிச்சு, ஒரு முனையை மாட்டிட்டு மறுமுனையில ஒரு குச்சியைக் கோத்து முறுக்கிக்கிட்டே போனாரு. முறுக்கேறி ரெண்டு கயிறும் ஒண்ணா இறுகி நிக்கும். துணியோட முனையை அந்த முறுக்குக்கு நடுவுல விரலால பொளந்து சொருகணும், அவ்வளவுதான், விட்டா கவ்விக்கும். கிளிப்பே வேணாம். கச்சான் அடிக்கிற அடிக்கு ஒரு ஜாக்கெட் பிட்டு கூட இதுவரைக்கும் பறக்கல. கயிறு தளந்தா குச்சியை ரெண்டு சுத்து சுத்தி மறுபடி சொருகிக்கலாம். நாலு வரிசை, பாதிக்கு மேல ஷீட் போட்டிருக்கேன், மழைக்கும் ராத்திரிப் பனிக்கும்.

கூடவே பழைய செமி ஆட்டோமேட்டிக் மெசின் ஒண்ணு, துவைக்கிற பக்கம் ரிப்பேர், பிழியுற பக்கம் மட்டும் ஓடும், 2,000 ரூவாய்க்கு வாங்குனது. அதுல போட்டு எடுத்தா பருத்தி வேட்டி ஒன்றரை மணி நேரத்துல காஞ்சுரும். ஒரு தடவை நல்ல தண்ணியில அலசிட்டுப் போடுங்கன்னு படம் வரைஞ்சு ஒட்டியிருக்கேன், எழுதி ஒட்டுனா எத்தனை பாசையில எழுதுறது, தெலுங்கு, கன்னடம், ஹிந்தி, மராத்தின்னு வர்றாங்க, படம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.

மாடிப்படி அடியில கால் கழுவ ஒரு குழாய் வச்சேன். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை கடக்கரைக்குப் போயிட்டு வர்ற ஆளு ஒவ்வொருத்தரு கால்லயும் துணி மடிப்புலயும் ஒரு கைப்பிடி மணலு வரும். மொதல்ல தண்ணி போற ஓட்டையில சாதாரண நானி ட்ராப், அந்த ஜாலி மூடி, போட்டதுல பத்து நாளைக்கு ஒருக்கா அடைச்சுக்கும், மூங்கில் குச்சி விட்டுக் குத்திக் குத்தி என் வாழ்க்கையே போச்சு. அப்புறம் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சேம்பர் கட்டி, வெளிய போற பைப்பை சேம்பர் தரையில இருந்து ஒரு முழம் உசரத்துல வச்சு, உள்ள ஓட்டை போட்ட பெயின்ட் வாளி ஒண்ணை இறக்கிட்டேன். மணல் வாளியில தங்கிரும், தண்ணி மட்டும் மேல வழிஞ்சு போயிரும். ஞாயித்துக்கிழமை காலைல வாளியைத் தூக்கிக் கொட்டணும். முக்கா வாளி வெள்ளை மணல் இருக்கும், அமாவாசை வாரம்னா அதுல கறுப்பா எள்ளும் தர்ப்பைத் துண்டும் கலந்து கெடக்கும், தர்ப்பணம் குடுத்துட்டு அப்படியே வர்றாங்கல்ல. அதைக் கொட்டுற எடத்துல, மல்லித் தொட்டி ஓரமா, போன வருசம் ஆடி அமாவாசைக்கு அப்புறம் அஞ்சாறு எள்ளுச் செடி முளைச்சு பூக்கூட விட்டுச்சு. யார் வீட்டுத் தாத்தாவுக்குப் போட்ட எள்ளோன்னு அம்மா பிடுங்க விடல.

துண்டு, பெட்ஷீட் சமாச்சாரம் சுருக்கமா. வெள்ளை பெட்ஷீட் போட்டாத்தான் ஹோட்டல் மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க, இங்க குங்குமம், விபூதி, மஞ்சள், நல்லெண்ணெய், நாலும் ஒரே நாள்ல படும். சென்னிமலை கட்டம் போட்ட போர்வை மூணு செட். டர்க்கி டவல் நம்ம வாடைக்காத்துக் காலத்துல ரெண்டு நாளானாலும் காயாம நாறும், அதைத் தூக்கிட்டு ஈரிழைத் துண்டு வாங்கிப் போட்டேன், ஆளுக்கு ரெண்டு.

மீன் வாசனை விவகாரம் வேற இருக்கு. மேல வர்றவங்கள்ல நிறைய பேரு சுத்த சைவம், கீழ அம்மா சாயங்காலம் நெத்திலி வறுப்பாங்க, மொட்டைமாடியில கருவாடு காயும். குஜராத்துல இருந்து வந்த ஒரு குடும்பம் மூணு நாளைக்கு பணம் கட்டிட்டு அன்னைக்கே காலி பண்ணிட்டுப் போனாங்க, நானும் மீதிக் காசைக் குடுத்துட்டேன், அவங்க ஏமாந்துட்டதா நினைச்சதுல நியாயம் இருக்குல்ல. அம்மாவை மீன் சமைக்காதன்னு சொல்ல முடியுமா, அவங்க வீடு அது. அதனால ஆன்லைன்ல போடுறப்பவே மூணாவது வரியில எழுதிட்டேன்: கீழ வீட்டுல மீன் சமைப்போம், மாடி அடுப்படி பாத்திரம் எல்லாம் சைவத்துக்கு மட்டும், அங்க மீனும் கறியும் சமைக்கக் கூடாது, மீன் வேணும்னா அம்மாகிட்ட சொன்னா செஞ்சு தருவாங்க. கருவாட்டை சித்தப்பா வீட்டுக்கு மாத்தியாச்சு. புக்கிங் கொஞ்சம் குறைஞ்சுதான் போச்சு, ஆனா வந்துட்டு மூஞ்சியைச் சுளிக்கிறவங்க யாருமில்ல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீனுதான், அப்ப அம்மா வைக்கிற விலையைக் கேட்டா கெஸ்ட்டே சாம்பார் போதும்னுருவாங்க.

வெளிநாட்டுக்காரங்க வந்தா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை அரசாங்க ஃபார்ம்ல ஆன்லைன்ல ஏத்தணும், மறக்காதீங்க, பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கி வச்சுத்தான் சாவியைக் குடுக்கணும். நம்மூரு ஆளுங்களுக்கும் ஐடி வாங்கி ரிஜிஸ்டர்ல எழுதிருவேன், ஃபேமிலியா இருந்தாலும் சரி. ஊராட்சியில உரிமமும் சுற்றுலாத் துறையில பதிவும் அலைஞ்சு திரிஞ்சு வாங்குனேன், அதை எழுதுனா தனியா ஒரு கதை ஆயிரும். இந்த வெளிநாட்டுக்காரங்கள்ல பாதிப் பேரு கைட் சர்ஃபிங்குக்கு வர்றவங்க. என் ஏசியை அரிக்கிற அதே கச்சானும் வாடையும்தான் அவங்களைக் கூட்டிட்டு வருது. காத்து நல்லா அடிக்கிதாங்குற ஒரு கேள்வியைத் தவிர வேற எதுவும் கேக்க மாட்டாங்க.

ரேட்டு சாதாரண நாள் 2,800, சனி ஞாயிறு 3,400, தை, ஆடி, மகாளய அமாவாசைக்கு 4,500. அதுக்கு மேல ஏத்துறவங்க இருக்காங்க, எனக்கு மனசு வரல, அதோட அந்த மூணு நாளும் கூட்டத்துல வண்டியே நகராது, வர்றவங்க ஏற்கனவே எரிச்சல்ல இருப்பாங்க. ஐப்பசி கார்த்திகையில பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனாங்கன்னு டிவியில ஓடுச்சுன்னா போதும், போன் அடிக்க ஆரம்பிச்சுரும். ஒண்ணாம் நம்பர் கூண்டுக்கெல்லாம் இங்க யாரும் கொடியில கெடக்குற துணியைக் கூட எடுக்க மாட்டோம், ஆனா வெளியூர்ல இருக்கவங்களுக்கு அது எப்படித் தெரியும். கூண்டு ஏறுனா முழுக் காசும் வாபஸ் இல்லாட்டி தேதி மாத்திக்கலாம்னு வச்சுட்டேன், முக்காவாசி பேரு தேதிதான் மாத்துறாங்க. 2024 நவம்பர் 20ல ஒரே நாள்ல ராமேஸ்வரத்துல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அன்னைக்கு மட்டும் மேல இருந்தவங்களை நான்தான் போக விடல, ரெண்டு நாள் சும்மா இருங்கன்னுட்டேன். அன்னைக்குத்தான் ஏசி பைப் போற ஓட்டை வழியா தண்ணி உள்ள வர்றதையும் கண்டுபிடிச்சேன். ஓட்டையை வெளிப்பக்கம் சரிவா போடணும், நான் நேரா போட்டுட்டேன். நுரை ஸ்ப்ரே அடிச்சு, வெளிய பைப்பைக் கீழ தொங்கவிட்டு ஒரு வளைவு எடுத்துவிட்டதுல தண்ணி அங்கேயே சொட்டிருது.

கணக்கு கேக்குறவங்களுக்கு: மொத்தச் செலவு 4,12,000. மாசம் சராசரியா 13 ராத்திரி போகுது. கரன்ட், துவைக்கிற அக்காவுக்கு சம்பளம், ஆன்லைன் கமிஷன், ரிப்பேரு எல்லாம் போக கையில நிக்கிறது 19,000ல இருந்து 22,000. டீச்சர் குடுத்த 6,500க்கு இது மூணு மடங்குதான், ஆனா டீச்சர் இருந்தப்ப நான் நாலு மணிக்கு எந்திரிச்சதில்ல, என் கூலியையும் அம்மா கூலியையும் இதுல சேர்க்கவும் இல்ல.

போன வாரம் தெக்குப் பக்க சன்ஷேடை சுத்தியல் எடுத்து நெடுக தட்டிப் பாத்தேன். மூணு எடத்துல டொப்பு. சாக்பீஸ்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன், மேல தங்கியிருக்குற அம்மா ஒருத்தங்க அது என்ன கோலமான்னு கேட்டாங்க. கொத்தனார் மாமா தை அமாவாசைக் கூட்டம் கலையட்டும், வர்றேன்னிருக்காரு, அதுக்குள்ள பாலு டப்பா ரெண்டு வாங்கி வைக்கணும். இந்தத் தடவை சோறு தின்னுட்டுத்தான் தடவுவேன்.